மலைமேல் பழி போடாதீர்கள்

அன்புள்ள ஐயா,
கொடைக்கானலில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஐந்து மீட்டர் உயர மாடியிலிருந்து, ஒரு கையில் பந்தும் மறு கையில் செல்போனுமாக நின்று போட்டுப் பார்த்தேன். ஐந்து தடவையின் சராசரி 1.11 வினாடி. கணக்கிட்டால் ஈர்ப்பு முடுக்கம் 8.1தான் வருகிறது. மலையில் ஈர்ப்பு குறைவு என்று பிள்ளைகளிடம் சொன்னேன். சரிதானா? மூடுபனியும் பந்தைத் தாமதப்படுத்துமா?
– ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

வந்த 8.1ஐ அப்படியே எழுதினீர்களே, அதற்காகவே இந்தப் பதில். நம் ஆய்வகங்களில் பிள்ளைகள் புத்தகத்தில் உள்ள 9.8ஐ முதலில் எழுதிவிட்டு அளவுகளைப் பின்னாலிருந்து நிரப்புகிறார்கள். நாமும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம். அந்தப் பாவத்தை நீங்கள் செய்யவில்லை.

ஆனால் கணக்குப் பார்க்காமல் பிள்ளைகளிடம் சொன்னது தப்பு. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். அந்த உயரத்தால் குறைவது 0.0065தான், அதிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மலையின் நிறையே இழுத்து ஈடுகட்டிவிடும். உங்களுக்குக் குறைந்திருப்பதோ 1.7! மூடுபனியை விடுங்கள், அது ஒரு பொருட்டே இல்லை.

குறை உங்கள் கட்டைவிரலில். பந்தை விடுவதும் பொத்தானை அழுத்துவதும் ஒரே ஆள், தொடக்கம் சரி. முடிவில் சத்தம் கேட்ட பிறகுதானே அழுத்துகிறீர்கள்? 0.1 வினாடி பிந்திவிடும். சூத்திரத்தில் நேரம் இருமடியாக வருவதால், அதில் பத்து சதவீதம் பிசகினால் விடை இருபது சதவீதத்துக்குப் பக்கமாகப் பிசகும். சராசரி எடுத்தும் பயனில்லை. எல்லாத் தடவையும் ஒரே பக்கமாகத்தான் தவறுகிறது.

பந்துக்குப் பதிலாக ஊசல் கட்டுங்கள். அதன் நீளமும் ஒரு முறை ஆட ஆகும் நேரமும் தெரிந்தால் ஈர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடலாம். நீளாத பருத்தி நூல், நுனியில் கனமான இரும்பு நட்டு. ஆணியில் முடிச்சுப் போடாதீர்கள். ஆடும்போது நூல் ஆணியில் சுற்றி நீளம் மாறும். இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே நெரித்துப் பிடியுங்கள். நட்டு தொங்கும்போதே, சட்டத்தின் அடி விளிம்பிலிருந்து நட்டின் நடுவரை ஒரு மீட்டர் வையுங்கள். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் விடையில் 0.01 போகும். பத்து சென்டிமீட்டருக்கு மேல் இழுத்து விடாதீர்கள். 35 சென்டிமீட்டர் இழுத்தால் விடை ஒன்றரை சதவீதம் குறையும். சன்னலைச் சாத்துங்கள்.

நட்டு அடிப்புள்ளியைக் கடக்கும்போது 'சுழியம்' என்று சொல்லித் தொடங்கி, அதே திசையில் கடக்கும்போதெல்லாம் எண்ணி, ஐம்பதில் நிறுத்துங்கள். சுமார் 100.5 வினாடி ஆகும். இப்போது விரல் 0.2 வினாடி பிந்தினாலும் விடையில் 0.04தான் மாறும். மலையின் குறைவு இந்த ஊசலிலும் தெரியாது. ஊசல் கடிகாரம் ஒரு நாள் முழுக்க ஓடினால்தான் இருபது வினாடிக்குச் சற்றுக் குறைவாகப் பிந்திக் காட்டும்.

பெரும்பாலும் கெடுவது எண்ணிக்கையில்தான். 'ஒன்று' என்று தொடங்கினால் ஆடியது 49 முறை, விடை 10.18க்கு ஏறிவிடும். இரண்டு விதமாகவும் எண்ணச் சொல்லுங்கள். வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.