மறுபிரசுரமும் கூகுளும் – கடிதம்

வணக்கம்,

சில ஆண்டுகள் ஓர் இணைய இதழில் தொடர்ந்து எழுதினேன். அந்தக் கட்டுரைகளை இப்போது என் சொந்தத் தளத்தில் சேர்த்துவருகிறேன். ஒரே கட்டுரை இரண்டு இடத்தில் இருந்தால் கூகுள் தண்டிக்கும், தளத்தையே தேடலிலிருந்து தூக்கிவிடும் என்கிறார் நண்பர். அதனால் வாக்கியங்களை மாற்றி மாற்றி எழுதிப் போடுகிறேன். பன்னிரண்டு கட்டுரைகள் முடிந்துவிட்டன. எத்தனை சதவீதம் மாற்றினால் போதும்? இதழில் வந்து எத்தனை நாள் கழித்துப் போடலாம்? முகநூலிலும் முழுதாகப் போடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்தப் பன்னிரண்டு கட்டுரைகளிலும் பழைய வாக்கியங்களைத் திரும்ப வையுங்கள். முதல் வேலை அதுதான். தேடுபொறிக்குப் பயந்து எழுதுகிறவர்கள் தங்கள் நடையைத் தாங்களே குலைத்துக்கொள்வது கொஞ்ச காலமாகவே என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் வருத்தமும் கோபமும் சேர்ந்தே வந்தன. நன்றாக அமைந்த வாக்கியம் என்று தெரிந்தும், ஓர் இயந்திரம் அடையாளம் கண்டுவிடுமே என்று அதைக் கலைக்கலாமா? உங்கள் வரியை யாரோ எங்கோ மேற்கோள் காட்டியிருப்பார்கள். அதைத் தேடி உங்கள் தளத்துக்கு வருகிறவருக்கு அந்த வரி கிடைக்காது.

சதவீதக் கணக்கு என்று ஒன்று கிடையவே கிடையாது. கட்டுரை இரண்டு இடத்தில் இருப்பதற்காக மட்டும் தண்டனை இல்லை என்று கூகுள் 2008-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒத்த பக்கங்களை அது ஒன்றாகத் தொகுத்து, அவற்றில் ஒன்றை மூலமாகத் தேர்ந்துகொண்டு, பெரும்பாலும் அதையே தேடலில் காட்டுகிறது. மற்றது பின்னுக்குப் போகும், அவ்வளவுதான். மாறாக, வேறு தளத்தில் இருப்பதை எடுத்து, சொல்லுக்குப் பதில் சொல் போட்டு வெளியிடுவதைக் கூகுளின் ஸ்பேம் விதிகள் வெளிப்படையாகவே கண்டிக்கின்றன. இரண்டையும் எழுதியவர் நீங்கள்தான் என்பது இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? இல்லாத தண்டனைக்குப் பயந்து, இருக்கிற விதியில் போய் மாட்டிக்கொள்ளப் பார்க்கிறீர்கள்.

கட்டுரை மேம்படுவதற்காகத் திருத்துவது வேறு. பிழையான தகவல், பழசாகிப்போன கணக்கு, தேவையற்ற பத்தி எதையும் தாராளமாக மாற்றுங்கள். ‘திருத்திய வடிவம்’ என்று அடியில் ஆண்டோடு குறிப்பிட்டால் போதும்.

எத்தனை நாள் என்பதை இதழோடு செய்துகொண்ட ஒப்பந்தம் சொல்லும். ஒப்பந்தம் இல்லையென்றால் ஆசிரியரிடம் கேளுங்கள். முகநூலுக்கு இரண்டு பத்தியும் ஒரு சுட்டியும் போதும்.

இரண்டு முகவரிகளில் எது மூலம்? நீங்கள் யோசிக்க வேண்டியது இதைத்தான். நீங்கள் சொல்லாவிட்டால் கூகுளே முடிவு செய்யும், அந்த முடிவு பெரும்பாலும் பெரிய தளத்தின் பக்கமே சாயும். சொல்வதற்கென்று இருப்பது கெனானிக்கல் குறி: ‘இந்தக் கட்டுரையின் மூல முகவரி இது’ என்று தேடுபொறிக்குச் சொல்ல, பக்கத்தின் நிரலில் வைக்கும் ஒரு வரி. கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து 2009 பிப்ரவரியில் கொண்டுவந்தது. வேறொரு தளத்தின் முகவரியைச் சுட்டுவதையும் அந்த ஆண்டு முடிவதற்குள் கூகுள் ஏற்றுக்கொண்டது.

இதழின் பக்கமே மூலமாக இருக்கட்டும் என்றால் வேலை எளிது. உங்கள் பக்கத்தில் இதழின் முகவரியைக் கெனானிக்கலாகக் கொடுங்கள். உங்கள் தளம் வேர்ட்பிரஸில் இயங்கி, அதில் யோஸ்ட் என்ற பிளகின் (கூடுதல் வசதி தரும் செருகுநிரல்) இருந்தால், கட்டுரைக்குக் கீழே ‘அட்வான்ஸ்ட்’ பகுதியில் அதற்கான கட்டம் இருக்கிறது. உங்கள் பக்கம் தேடலில் அனேகமாக வராது. உங்கள் தளத்துக்கே வருகிற வாசகர் படிப்பார்.

உங்கள் பக்கம்தான் மூலம் என்றால், குறியை வைக்க வேண்டியது இதழின் பக்கத்தில். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். தன் பக்கத்தில் தன் முகவரியையே போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். இதழின் பக்கத்தை அது கட்டுப்படுத்தவே செய்யாது. பிறருக்குக் கொடுத்த பிரதிகளுக்குக் கெனானிக்கலை நம்ப வேண்டாம், அந்தப் பக்கத்தில் நோஇண்டெக்ஸ் (தேடலில் காட்டாதே என்னும் குறி) போடச் சொல்லுங்கள் என்று 2023 முதல் கூகுளே சொல்கிறது. ஆனால் முதலில் வெளியிட்ட இதழிடம் போய் ‘உங்கள் பக்கத்தைத் தேடலிலிருந்து மறையுங்கள்’ என்று கேட்பது நியாயமில்லை. உங்கள் தளத்துக்கு ஒரு சுட்டி மட்டும் கேளுங்கள்.

கெனானிக்கல் ஒரு குறிப்புதான், கட்டளை அல்ல. அது பக்க நிரலின் தொடக்கத்தில், திரையில் தெரியாத ஹெட் பகுதியில் இருக்க வேண்டும். உடல் பகுதியில் இருந்தால் பொருட்படுத்தப்படாது. தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீம் ஒன்றும் பிளகின் ஒன்றுமாக இரண்டு முரண்பட்ட குறிகள் வந்தால் இரண்டும் வீண். தேடுபொறி எங்கே நுழையலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் பக்கத்தைத் தடுத்துவிட்டு உள்ளே குறி வைப்பவர்கள் உண்டு. உள்ளே நுழையவே முடியாத கூகுள் அதை எப்படிப் படிக்கும்?

தமிழில் முகவரி வைப்பவர்களுக்கு இன்னொரு கண்ணி. ‘கொ’ என்ற எழுத்தில் கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் தட்டலாம், இரண்டு குறியீடுகளாகவும் தட்டலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. முகவரியில் அந்த எழுத்து சதவீதக் குறிகளும் எண்களுமாக மாறும்போது ஒன்று 18 எழுத்துகள் நீளும், மற்றது 27. தளம் இருக்கும் வழங்கிக்கு (சர்வருக்கு) இவை இரண்டு வெவ்வேறு முகவரிகள். ஆகவே முகவரியைக் கையால் தட்டாதீர்கள், உலாவியின் முகவரிப் பட்டையிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள்.

எல்லாம் செய்தபின், தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் தரும் செர்ச் கன்சோலில் அந்த முகவரியைக் கொடுத்துச் சோதியுங்கள். நீங்கள் அறிவித்த கெனானிக்கல், கூகுள் தேர்ந்த கெனானிக்கல் என்று இரண்டு வரிகள் வரும். வேறுபட்டால் உங்கள் குறிப்பை அது ஏற்கவில்லை என்று பொருள். பழைய பக்கங்களுக்குக் கூகுள் திரும்ப வரச் சில வாரங்கள் ஆகலாம், பதறாதீர்கள்.

கட்டுரைக்கு இன்றைய தேதியைப் போட்டுப் புதிதுபோலக் காட்டாதீர்கள். இதழின் பெயர், மாதம், ஆண்டு, அந்தக் கட்டுரைக்கே நேராகப் போகும் சுட்டி நான்கும் தலைப்புக்கு அடியில் இருக்கட்டும். முகப்புப் பக்கத்துக்குச் சுட்டி கொடுப்பதால் யாருக்கும் பயனில்லை.

இதழ் நிற்கப்போகிறது என்று எப்போதாவது தெரிந்தால் உடனே ஆசிரியருக்கு எழுதுங்கள். ஒவ்வொரு கட்டுரையின் பழைய முகவரியிலிருந்தும் உங்கள் பக்கத்துக்கு 301 திருப்பம் (பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகவே புதியதற்கு அனுப்பும் நிரந்தர ஏற்பாடு) வைக்கச் சொல்லுங்கள். குறைந்தது ஓராண்டு அது இருக்க வேண்டும். மறுத்தால், பக்கங்கள் மறைவதற்குள் ஒவ்வொன்றையும் இணையப் பக்கங்களின் காப்பகமான வேபேக் மெஷினில் சேமித்து, அந்தச் சுட்டியை உங்கள் கட்டுரையின் கீழ் கொடுங்கள்.

அன்புடன்.