கேள்வி–பதில்: நிராகரிப்பு மெயிலில் எந்த வரி உங்களுக்கானது?

கேள்வி: மூன்று ரவுண்டு இன்டர்வியூ முடித்தேன். 'தொழில்நுட்ப அறிவு நன்று. தகவல்தொடர்புத் திறன் மேம்பட வேண்டும். வேறொருவரைத் தேர்வு செய்துள்ளோம். உங்கள் ரெஸ்யூமேயை வைத்திருப்போம்' என்று மெயில் வந்திருக்கிறது. மொழிப் பயிற்சி வகுப்பில் சேரட்டுமா?

பதில்: அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள். கடைசி இரண்டு வரிகளும் எல்லோருக்கும் போகிறவை. அவற்றில் உங்களைப் பற்றி ஒன்றுமில்லை. மிஞ்சுவது 'தகவல்தொடர்பு' என்ற ஒரு சொல். இன்டர்வியூ எடுத்தவர் எழுதிய குறிப்பை எச்.ஆர். (நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு) சுருக்கி, சிக்கல் வராதபடி மழுப்பி அனுப்பும்போது இப்படித்தான் ஆகும்.

மொழிதான் குறை என்றால் பெரும்பாலும் முதல் ரவுண்டிலேயே நிறுத்தியிருப்பார்கள். மூன்றாவது வரை போனவரிடம் இதைச் சொன்னால், பதில் சொன்ன விதத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். 'பிராஜெக்ட் ஏன் தாமதமானது?' என்று கேட்கிறார்கள். டீம் அமைந்த கதையில் தொடங்கி, மூன்றாவது நிமிடத்தில்தான் 'டெஸ்டிங்கைத் தள்ளிப்போட்டோம்' என்று வருகிறீர்கள். அதற்குள் கேட்டவர் கவனம் போய்விடும். காரணத்தை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். பிறகு நீங்கள் செய்தது, அதன் பலன். ஒன்றரை நிமிடத்தில் நிறுத்துங்கள். போனில் ரெக்கார்ட் செய்து கேட்டுப் பாருங்கள்: முதல் 15 விநாடிக்குள் பதில் வந்துவிட்டதா?

ஊகத்தைச் சரிபார்க்க, இரண்டு நாளுக்குள் எச்.ஆருக்கு எழுதுங்கள். நன்றி ஒரு வரி, கேள்வி ஒன்றே ஒன்று. 'எங்கே தவறினேன்?' என்றால் மறுபடி மழுப்பல்தான் வரும். 'என் பதில்கள் நீண்டுவிட்டனவா, விளக்கம் போதவில்லையா?' என்று கேட்டால் அவர்களுக்கும் ஒரு வரியில் சொல்லச் சுலபம். முடிவை எதிர்த்து வாதாடும் தொனி ஒரு சொல்லிலும் வேண்டாம். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

இனி எந்த இன்டர்வியூ முடிந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் கேள்விகளை எழுதிவையுங்கள்; எதைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள் என்பதையும் குறியுங்கள். அவர்களுக்குப் புரியாமல் போன இடம் பெரும்பாலும் அதுதான். இரண்டு மூன்று இடங்களில் இதே குறை வந்து, பேச்சில் வார்த்தை கிடைக்காமல் நின்றதும் உங்கள் குறிப்பில் இருந்தால், அப்போது வகுப்பில் சேருங்கள்.

கேள்வி: 'தகுதி அதிகம்' என்று ஒதுக்கிவிட்டார்களே?

பதில்: பெரும்பாலும் சம்பளம் கட்டுப்படியாகாது, சீக்கிரம் விட்டுப் போய்விடுவீர்கள் என்ற இரண்டு பயங்களில் ஒன்று. அடுத்த முறை அவர்கள் கேட்கும் முன்பே, இந்த வேலை ஏன் வேண்டும், எவ்வளவு சம்பளம் போதும் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.