அம்மாவின் கைப்பேசியை வாங்கி வைத்துவிடலாமா?

கேள்வி: நாங்கள் சிங்கப்பூரில், ஈசூனில் வசிக்கிறோம். அம்மாவுக்கு 71 வயது. போன மாதம் ஒரு மதியம் வங்கியிலிருந்து பேசுவதாக அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. அவர் பெயரில் யாரோ கடன் அட்டை எடுத்திருப்பதாகச் சொல்லி, ‘நாணய ஆணைய அதிகாரி’ ஒருவருக்கு அழைப்பை மாற்றிவிட்டார்கள். அந்த ஆள் வாட்ஸ்அப் காணொளியில் ஒரு ‘போலிஸ்காரரை’ச் சேர்த்தார். சீருடை, பின்னால் காவல்துறைச் சின்னம் எல்லாம் இருந்ததாம். அம்மாவின் ஐசி (அடையாள அட்டை) எண்ணையும் பிறந்த தேதியையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். “இது ரகசிய விசாரணை, பிள்ளைகளிடம் சொன்னால் அவர்களும் மாட்டிக்கொள்வார்கள்” என்று மிரட்டியதில், அம்மா இரண்டு மணி நேரம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பேசியிருக்கிறார். அன்று நான் வேலையிலிருந்து சீக்கிரம் வந்ததால் பணம் தப்பியது. ஆனால் கோபத்தில் கத்திவிட்டேன். அதிலிருந்து அம்மா என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஸ்மார்ட்போனை வாங்கிக்கொண்டு பட்டன் போன் கொடுத்துவிடலாம் என்கிறான் தம்பி. இனி காவல்துறையே நம் வங்கிக் கணக்கை முடக்கலாமாம், அது அநியாயம் என்கிறார் கணவர். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: கைப்பேசியை வாங்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவிடமிருந்து அதைப் பிடுங்கினால் எவையெல்லாம் போகும் என்று தம்பியை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். அரசாங்கச் சேவைகளில் நுழையும் சிங்பாஸ் போகும். பலதுறை மருந்தக முன்பதிவு, அரசாங்கம் தரும் சிடிசி பற்றுச்சீட்டு, ஊரிலிருக்கும் உறவினரின் முகம், கோயில் திருவிழா நேரலை, எல்லாம் போகும். ஏமாற்றுக்காரர்களின் அழைப்பு மட்டும் போகாது. பட்டன் போனுக்கும் மணி அடிக்கும். இந்த மோசடி தொடங்கியதே ஒரு சாதாரண அழைப்பில்தானே? சிங்கப்பூரில் 3ஜி சேவையும் 2024இல் நிறுத்தப்பட்டுவிட்டது, அலமாரியில் கிடக்கும் பழைய போன் பலவற்றுக்கு இப்போது உயிரே வராது.

இன்னொன்று, அம்மாவை அந்த இரண்டு மணி நேரம் கட்டிப்போட்டது ஸ்மார்ட்போன் இல்லை. அவசரமும் ரகசியமும்தான் கட்டிப்போட்டன. அவற்றுக்குத்தான் மருந்து தேட வேண்டும்.

வங்கியொன்றின் கணினிப் பாதுகாப்புப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது சமூக மன்றத்தில் முதியோருக்குக் கைப்பேசி வகுப்பு எடுக்கிறேன். வங்கியில் இருந்தவரை எங்கள் கவலை முழுவதும் வெளியிலிருந்து உடைத்துக்கொண்டு வருபவனைப் பற்றித்தான். 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளால் ஏறத்தாழ 790 வாடிக்கையாளர்கள் 1 கோடியே 37 லட்சம் வெள்ளியை இழந்தார்கள். அதன் பிறகு வங்கிகள் குறுஞ்செய்தியில் இணைப்பு அனுப்புவதை நிறுத்தின, பதிவு செய்யாத பெயரில் வரும் செய்திகளில் ‘மோசடியாக இருக்கலாம்’ என்ற முத்திரை விழத் தொடங்கியது, கணக்கில் நுழைவதற்கான ஒருமுறைக் கடவுச்சொல்லும் படிப்படியாக விலக்கப்பட்டது. வெளிக்கதவு நன்றாகவே பலமானது. அப்படியும் 2024இல் 51,000க்கும் மேற்பட்ட மோசடிகள் பதிவாயின, குறைந்தது 110 கோடி வெள்ளி பறிபோனது. அவற்றில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவற்றில் பணத்தை அனுப்பியவர் கணக்கின் சொந்தக்காரரேதான். வீட்டுக்காரரே உள்ளேயிருந்து தாழ்ப்பாளைத் திறந்துவிடும்போது வெளிப்பூட்டு எவ்வளவு கனமாக இருந்து என்ன?

அதனால் இவர் ஏமாந்தவர், படிக்காதவர் என்ற நினைப்பை முதலில் விடுங்கள். உங்கள் அம்மா நம்பியதற்குக் காரணங்கள் இருந்தன. ஐசி எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். “என் நம்பர் தெரியுதே, அப்போ நிஜ ஆபீசர்தான்” என்று நினைப்பது இயல்பு. இத்தனை காலமும் அந்த எண்ணை ஒரு சாவி போலப் பொத்தி வைக்கச் சொல்லித்தானே பழக்கியிருக்கிறோம்? ஆனால் அது சாவி இல்லை, பெயர் மாதிரி ஓர் அடையாளம்தான். 2024 டிசம்பரில் நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் பலருடைய முழு ஐசி எண்ணும் தேடினாலே கிடைக்கும்படி இருந்து பெரிய சர்ச்சையானபோது, அந்த எண்ணை வைத்து ஒருவரை இன்னார் என்று உறுதிப்படுத்தக் கூடாது என்று அரசாங்கமே தெளிவுபடுத்தியது. அம்மாவிடம் இதை இப்படிச் சொல்லுங்கள்: “உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டா சொந்தக்காரங்கன்னு அர்த்தமாம்மா? ஐசி நம்பரும் அப்படித்தான்.”

வகுப்பில் நான் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். அழைப்பைத் துண்டிக்கும் பயிற்சி ஒன்று வைத்திருக்கிறேன். நான் அதிகாரி மாதிரி பேசுவேன், அவர்கள் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு பாட்டி, எழுபதைத் தாண்டியவர், கட்டைவிரலை அந்தப் பொத்தானுக்கு மேல் ஓர் அங்குலத்தில் வைத்துக்கொண்டே அப்படியே இருந்தார். விரல் இறங்கவில்லை. நான் பேசிக்கொண்டே போகிறேன், அவர் “சரிங்க, சரிங்க” என்கிறார். ஏன் அழுத்தவில்லை என்று அப்புறம் கேட்டபோது, “பேசிக்கிட்டு இருக்கிறவரை எப்படிப்பா பட்டுன்னு வெட்டுறது, மரியாதை இல்லையே” என்றார்.

அன்று எனக்கு வெகுநேரம் மனது ஆறவில்லை. பெரிய மனிதர் பேசினால் எழுந்து நிற்க வேண்டும், அரசாங்க ஆள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று வளர்ந்த தலைமுறை அது. அந்த நல்ல பழக்கத்தைத்தான் இந்தக் கூட்டம் பிடித்துக்கொள்கிறது. “மோசடி வரும், கவனம்” என்று நூறு முறை எச்சரித்தாலும் விரல் இறங்காது. மரியாதை கெடாமல் வெளியே வர ஒரு வாசகம் வேண்டும். நாங்கள் வகுப்பில் வைத்திருக்கும் வாசகம் இது: “என் மகளைக் கேட்டுச் சொல்றேன், வெச்சிடறேன்.” அவ்வளவுதான். விளக்கம் இல்லை, வாக்குவாதம் இல்லை. அந்தப் பாட்டி மூன்றாவது முறை அதைச் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

நீங்களும் வீட்டில் ஒத்திகை பாருங்கள். கேலியாக இல்லாமல், நிஜமாக. நீங்கள் அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டு அதிகாரி போலப் பேசுங்கள், அம்மா துண்டிக்கட்டும். வாயும் விரலும் பழகினால்தான் பதற்றத்தில் உதவும். கூடவே இந்த விஷயத்தை மனத்தில் பதிய வையுங்கள்: சிங்கப்பூர் அரசாங்க அதிகாரி யாரும் தொலைபேசியில் பணத்தை மாற்றச் சொல்ல மாட்டார், வங்கி ரகசிய எண்ணைக் கேட்க மாட்டார், அதிகாரபூர்வமற்ற இடத்திலிருந்து செயலி இறக்கச் சொல்ல மாட்டார், அழைப்பைக் காவல்துறைக்கு மாற்றிவிடவும் மாட்டார். கடைசியாகச் சொன்னதுதான் உங்கள் அம்மா விஷயத்தில் நடந்தது. ‘இதோ போலிசுக்கு மாற்றுகிறேன்’ என்று காதில் விழுந்த நிமிடமே அது பொய் என்று முடிவு கட்டிவிடலாம். சந்தேகமாக இருந்தால் 1799. மோசடி பற்றி விசாரிப்பதற்கென்றே உள்ள எண் அது, இரவு பகல் எந்த நேரமும் கூப்பிடலாம்.

சரி, இப்போது பணத்துக்கு வருவோம். அம்மா எவ்வளவு பழகினாலும் ஒருநாள் அசந்துபோகலாம், யாருக்கும் நடக்கும். ஆகவே அவசரப்பட்டாலும் பணம் அவசரமாகப் போக முடியாதபடி செய்ய வேண்டும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது பணப்பூட்டு. 2023 நவம்பரிலிருந்து டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி மூன்றும் இதைக் கொடுக்கின்றன, மற்ற பெரிய வங்கிகளும் பின்னால் வந்தன. சேமிப்பில் ஒரு பகுதியைப் பூட்டிவிட்டால் இணையம் வழியாக அதை அசைக்க முடியாது. திறக்க வேண்டுமென்றால் நேரில் போக வேண்டும், வங்கியைப் பொறுத்து கிளைக்கோ இயந்திரத்துக்கோ. வீட்டிலிருந்து கிளம்பி, மின்தூக்கியில் இறங்கி, பேருந்து பிடித்து, வரிசையில் நிற்கும் அந்த ஒரு மணி நேரம் இருக்கிறதே, அதில் பலருக்குத் தெளிவு வந்துவிடும். வழியில் தெரிந்த முகம் ஒன்று “எங்கே கிளம்பிட்டீங்க?” என்று கேட்டாலே போதும். மாதச் செலவுக்கு வேண்டியதை மட்டும் வெளியே வைத்து மீதியைப் பூட்டச் சொல்லுங்கள். அன்றாட மாற்றல் வரம்பையும் குறையுங்கள். நான் பார்த்த பல முதியவர்களின் கணக்கில் அது ஆயிரக்கணக்கில் கிடக்கும், அவர்கள் ஒருநாளும் நூறு வெள்ளிக்கு மேல் பேநவ் வழியாக அனுப்பியிருக்க மாட்டார்கள்.

மத்திய சேமநிதிக்கும் இதே ஏற்பாடு உண்டு. 55 வயதைத் தாண்டியவர்கள் இணையத்தில் ஒரு நாளில் எடுக்கும் தொகைக்கு 2,000 வெள்ளி என்ற வரம்பு தானாகவே இருக்கிறது. அதைப் பூஜ்யமாக்கிப் பூட்டிவிடலாம். மறுபடி உயர்த்தினால் உடனே நடக்காது, 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

கைப்பேசியில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மோசடி அழைப்புகளைத் தடுக்க உதவும் ஸ்கேம்ஷீல்டு செயலி. வாட்ஸ்அப் அந்தரங்க அமைப்பில் தெரியாத எண்களின் அழைப்பை மௌனமாக்கும் வசதி (அழைப்பு வந்ததற்கான பதிவு இருக்கும், மணி மட்டும் அடிக்காது). வெளிநாட்டு அழைப்புகளை முழுதாகத் தடுக்கும் வசதியைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கொடுக்கின்றன. ஊர்க்காரர்கள் வாட்ஸ்அப்பில்தான் பேசுவார்கள் என்றால் அதையும் போட்டுவிடலாம்.

இவற்றையெல்லாம் அம்மா தூங்கும்போது நீங்களே செய்துவிடாதீர்கள். இதை நான் மிகவும் அழுத்திச் சொல்கிறேன். அவர் சிங்பாஸ் கடவுச்சொல்லை வாங்கி வைத்துக்கொள்ளவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பேசி அவர் கையிலேயே இருக்க, அவர் விரலாலேயே ஒவ்வொன்றையும் செய்யட்டும். எவ்வளவு பூட்டலாம் என்பதும் அவர் முடிவு. அது அவர் சேர்த்த பணம்.

கணவர் கேட்டதற்கு வருகிறேன். அவர் சொல்வது மோசடிகளிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தை. 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. ஒருவர் மோசடிக்காரருக்குப் பணம் அனுப்பப்போகிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், காவல்துறை வங்கிகளுக்குத் தடை உத்தரவு போடலாம். ஒரு உத்தரவு 30 நாள், தேவைப்பட்டால் ஐந்து முறை வரை நீட்டிக்கலாம். பொதுவாக இங்குள்ள ஏழு பெரிய வங்கிகளுக்கும் அது சேர்ந்தே போகும். மாற்றல், பணம் எடுக்கும் இயந்திரம், கடன் வசதி எல்லாம் நிற்கும். அன்றாடச் செலவுக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். காவல்துறை ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம், ஆனால் அவர் முடிவே இறுதி.

என் பணத்தைத் தொட இவர்கள் யார் என்ற உங்கள் கணவரின் கேள்வி சாதாரணக் கேள்வி இல்லை, அதை ஒதுக்கிவிடாதீர்கள். டிரேஸ்டுகெதர் செயலி விஷயத்தில் நாம் பார்த்தோம். கொவிட் தொடர்புத் தடமறிதலுக்கு மட்டும் என்று நம்பி எல்லாரும் இறக்கிக்கொண்டோம். குற்றவியல் விசாரணைக்கும் அந்தத் தரவைக் காவல்துறை கேட்டுப் பெறலாம் என்று 2021 ஜனவரியில் தெரிந்தபோது பலருக்கு வலித்தது, எனக்கும்தான். பிறகு ஏழு வகைக் கடுமையான குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் போட்டு வரையறுத்தார்கள். எல்லையை முதலிலேயே எழுதி வைக்க வேண்டும் என்பதுதான் அதில் எனக்குப் பட்டது.

இந்தச் சட்டத்தில் எல்லை எழுதப்பட்டிருக்கிறது, அதனால்தான் நான் இதை ஆதரிக்கிறேன். மற்ற எல்லா வழியிலும் எடுத்துச் சொல்லியும் கேட்காதபோது கடைசி வழியாகத்தான் உத்தரவு. கால வரம்பு உண்டு. குடும்பத்தினர் புகார் கொடுக்கலாம், ஆனால் தடையைப் போடுவது காவல்துறைதான், மகனோ மருமகளோ இல்லை. சொத்துத் தகராறு உள்ள வீடுகளை நினைத்தால் இது எவ்வளவு முக்கியம் என்று புரியும். மேல்முறையீடு காவல்துறைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது என்பதில் எனக்குக் குறை உண்டு, வெளியார் ஒருவர் பார்ப்பது இன்னும் நல்லது. ஆனாலும், முப்பது வருட உழைப்பைக் கண்முன்னே அனுப்பிவிட்டு நிற்கும் ஒருவரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். அந்த 30 நாள் அவருக்குக் கிடைத்திருக்கலாகாதா என்று இன்னும் நினைக்கிறேன்.

உங்கள் அம்மாவுக்கு இந்தச் சட்டம் இப்போது தேவையே இல்லை. அவருக்கு வேண்டியது, அடுத்த முறை அப்படி ஓர் அழைப்பு வந்தால் பயமில்லாமல் உங்களைக் கூப்பிடும் தைரியம். நீங்கள் கத்தியதால் போனது அதுதான். ‘பிள்ளைகளிடம் சொல்லாதே’ என்று அவன் சொன்னதை, திட்டு விழுந்த பயமும் சேர்ந்து சொல்லும். அதனால் மன்னிப்பு கேளுங்கள், சுற்றி வளைக்காமல். “படிச்சுப் படிச்சுச் சொன்னேனே” என்ற பேச்சே வேண்டாம். வேலை நேரத்தில் கூப்பிட்டாலும் எடுப்பேன் என்று சொல்லுங்கள், சொன்னபடி எடுங்கள்.

ஒருவேளை எப்போதாவது பணம் போய்விட்டால் முதல் அழைப்பு வங்கிக்கு. கணக்கை உடனே முடக்கும் வசதி எல்லாப் பெரிய வங்கிகளிலும் இருக்கிறது, செயலியிலேயே அழுத்தலாம். அதன் பிறகு காவல்துறை. சில நிமிடங்கள்கூடக் கணக்கு.

அம்மாவின் வாட்ஸ்அப்பில் அந்தப் ‘போலிஸ்காரர்’ அனுப்பிய செய்திகள் இன்னும் இருந்தால் அழிக்காதீர்கள். அசிங்கமாக இருக்கிறது என்று பலர் உடனே அழித்துவிடுகிறார்கள். எண், படம், பேச்சு எல்லாவற்றையும் திரையில் படமெடுத்து வைத்துக்கொண்டு, பணம் போகாவிட்டாலும் காவல்துறையில் புகார் கொடுங்கள், ஸ்கேம்ஷீல்டிலும் பதிவு செய்யுங்கள். புகார் கொடுக்கப் போகும்போது அம்மாவையும் கூட்டிப் போங்கள். நடந்ததை அவரே தன் வாயால் சொல்லட்டும்.