கர்ப்பமில்லை, கைக்குழந்தையில்லை, ஆனாலும் பால் கசிகிறது: கேள்வி பதில்

ஹார்மோன் மருத்துவம் என் துறை. கர்ப்பமோ பாலூட்டலோ இல்லாத நேரத்தில் மார்பில் பால் கசிவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: எனக்கு வயது 27. திருமணம் ஆகவில்லை. சில வாரங்களாகக் குளிக்கும்போது இரண்டு மார்பிலிருந்தும் வெள்ளையாகத் துளிகள் வருகின்றன. தினமும் அழுத்திப் பார்க்கிறேன், நிற்கவில்லை. அம்மாவிடம் சொன்னால் என்ன நினைப்பாரோ என்று பயம். இது புற்றுநோயா டாக்டர்?

இரு பக்கமும், பல துளைகளிலிருந்து, பால் நிறத்தில் கசிவது புற்றுநோயின் வழக்கமான அடையாளம் அல்ல. அந்தப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள்.

பால் சுரப்பதற்குக் குழந்தை பெற்றிருக்க வேண்டும் என்பதில்லை. புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடினாலே போதும். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அதைத் தயாரிக்கிறது. அந்தச் சுரப்பியின் மற்ற ஹார்மோன்களை மூளை பெரும்பாலும் தூண்டிவிடும். புரோலாக்டினை மட்டும் டோபமைன் என்ற வேதிப்பொருளைக் கொண்டு எந்நேரமும் கடிவாளம் போட்டு அடக்கி வைத்திருக்கிறது. அது தளர்ந்தால் பால் வரும். தளர்த்துபவை பல: சில மாத்திரைகள், தைராய்டு குறைவு, பிட்யூட்டரியில் தோன்றும் சிறு கட்டி, சிறுநீரகச் செயலிழப்பு. மார்புச் சுவரில் அக்கி வந்தாலும், தீக்காயமோ அறுவைச் சிகிச்சைத் தழும்போ இருந்தாலும்கூட, அங்கிருந்து மூளைக்குப் போகும் நரம்புச் செய்தி பால் குடிக்கும் குழந்தை இருப்பதுபோன்ற தோற்றத்தை உண்டாக்கிவிடும்.

நீங்கள் தினமும் அழுத்திப் பார்ப்பதும் அதே செய்தியைத்தான் அனுப்புகிறது. நின்றுவிட்டதா என்று பார்க்கப் பார்க்க நிற்காது. இன்றோடு அதை விட்டுவிடுங்கள்.

மருத்துவரிடம் போனால் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்யச் சொல்வார். அதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தக் குறையோடு வரும் எல்லோருக்கும் செய்வதுதான். பிறகு புரோலாக்டின், தைராய்டு, சிறுநீரகம் ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனைகள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்பதையும் கட்டாயம் சொல்லுங்கள். மாதவிடாய் தள்ளிப்போவதும் பால் கசிவதும் சேர்ந்து வந்தால் புரோலாக்டின் கூடியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. எல்லாம் சரியாக இருந்து, காரணமே தெரியாமல் கசிபவர்களும் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது.

அம்மாவிடம் இந்தப் பதிலையே காட்டுங்கள். ஒரு பெண்ணின் ஒழுக்கத்துக்கும் அவளுடைய புரோலாக்டினுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

கேள்வி: மகனுக்குப் பால் மறக்கச் செய்து எட்டு மாதம் ஆகிறது. அழுத்தினால் இன்னும் இரண்டு சொட்டு வருகிறது.

வரட்டும். நிறுத்திய பிறகு பல மாதங்கள் வரை இப்படிச் சொட்டு வருவது இயல்பு. ஓராண்டு கடந்தும் தானாகக் கசிந்தாலோ, மாதவிடாய் திரும்பவே இல்லை என்றாலோ பரிசோதித்துப் பாருங்கள்.

கேள்வி: வயிற்று உப்புசத்துக்காக மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையை நாலைந்து மாதமாகக் காலையில் சாப்பிடுகிறேன். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பால் கசிவுக்கு மிகச் சாதாரணமான காரணங்களில் ஒன்று மருந்து. "வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் பலர் யோசிக்காமல் "இல்லை" என்பார்கள், வயிற்று மாத்திரையை மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. டோம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைடு, லெவோசல்பிரைடு ஆகிய மூன்றும் டோபமைனைத் தடுப்பவை. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு இவற்றில் ஒன்றைச் சேர்த்து ஒரே குளிகையாகவும் விற்கிறார்கள். அட்டையைத் திருப்பி, சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பொருள் பெயரைப் படியுங்கள். நிறுத்தினால் பெரும்பாலும் சில நாட்களிலேயே புரோலாக்டின் இறங்கிவிடும். கசிவு ஓய இன்னும் சில வாரங்கள் ஆகலாம்.

நீங்கள் எழுதியதில் இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. மாதக்கணக்கில் மாத்திரை தேவைப்படும் வயிற்றை ஒரு மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

ரத்த அழுத்தத்துக்கான வெராபமில், மெத்தில்டோபா, வலிக்கான ஓபியாய்டு மருந்துகள், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் ஆகியவையும் இதே வேலையைச் செய்யக்கூடும். இவை எதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

கேள்வி: என் தங்கை மனநல மருத்துவத்துக்காக ரிஸ்பெரிடோன் எடுக்கிறாள். அவளுக்கும் இப்படி வருகிறது, மாதவிடாயும் நின்றுவிட்டது. வெட்கத்தில் மாத்திரையை ஒளித்து வைக்கத் தொடங்கிவிட்டாள்.

உடனே அவளுடைய மனநல மருத்துவரிடம் பேசுங்கள். ரிஸ்பெரிடோனுக்கு இது நன்கு தெரிந்த பக்கவிளைவு. அளவைக் குறைக்கலாம், புரோலாக்டினை அவ்வளவாக ஏற்றாத மருந்துக்கு மாற்றலாம், அரிபிபிரசோல் என்ற இன்னொரு மனநல மருந்தைச் சேர்த்தும் பார்க்கலாம். சட்டென்று நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்து பால் கசிவைவிடப் பெரிது. அதற்காகப் "பொறுத்துக்கொள்" என்று அவளிடம் சொல்லிவிடவும் வேண்டாம். மாதவிடாய் நீண்ட காலம் நின்றிருந்தால் எலும்பு பலவீனமாகும்.

கேள்வி: புரோலாக்டின் 41 என்று வந்திருக்கிறது. மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லி உறவினர் அவசரப்படுத்துகிறார்.

கர்ப்பமில்லாத பெண்களுக்கு ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 25 நானோகிராம் வரை இயல்பு என்று பல ஆய்வகங்கள் கொள்கின்றன. 41 என்பது சற்றே கூடுதல். ரத்தம் எடுக்கும்போது பதற்றமாக இருந்தாலே அந்த அளவுக்கு ஏறும். தூக்கத்தில் புரோலாக்டின் உயர்வதால், எழுந்த கையோடு ரத்தம் கொடுத்தாலும் கூடுதலாகக் காட்டும். ஆகவே விழித்து இரண்டு மணி நேரமாவது கழித்து, உடற்பயிற்சி இல்லாமல், மார்பைத் தொடாமல், ஊசி போடும் முன் கொஞ்சம் அமைதியாக உட்கார்ந்திருந்து மறுபடி கொடுங்கள். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை ஆய்வகத்திடம் சொல்ல வேண்டும்; சில பரிசோதனை முறைகளில் அது முடிவையே மாற்றிவிடும்.

இரண்டாம் முறையும் கூடுதலாக வந்து, உங்களுக்குத் தொந்தரவு அதிகம் இல்லையென்றால் 'மேக்ரோபுரோலாக்டின்' பார்க்கச் சொல்லுங்கள். எதிர்ப்புப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் வெறுமனே சுற்றும் புரோலாக்டின் அது. எண்ணைக் கூட்டிக் காட்டும், பெரிய கெடுதல் செய்யாது.

தைராய்டு முடிவு வரும்வரை எம்.ஆர்.ஐ. வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. கடுமையான தைராய்டு குறைவில் பிட்யூட்டரி வீங்கி, படத்தில் கட்டிபோலவே தெரியும். தைராக்சின் மாத்திரை கொடுத்தால் சுருங்கிவிடும். அடுத்தது, எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களிலேயே ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குப் பிட்யூட்டரியில் ஏதோ ஒரு சிறு புள்ளி இருக்கும். தேவையில்லாமல் படம் எடுத்து, அந்தப் புள்ளியைப் பார்த்துத் தூக்கத்தைத் தொலைத்தவர்கள் நிறைய.

கேள்வி: எனக்கு 6 மில்லிமீட்டர் கட்டி, புரோலாக்டினோமா என்கிறார்கள். தலையைத் திறக்க வேண்டுமா? குழந்தை பெற முடியுமா?

புரோலாக்டினோமா என்பது புரோலாக்டினைச் சுரக்கும் பிட்யூட்டரிக் கட்டி. 10 மில்லிமீட்டருக்குக் குறைவான இந்தக் கட்டிகள் கிட்டத்தட்ட எப்போதும் புற்றுநோய் அல்லாதவை. பெரும்பாலானவை வளர்வதும் இல்லை. டோபமைன் செய்யும் வேலையைச் செய்கிற கேபர்கோலின் மாத்திரைதான் முதல் சிகிச்சை: குறைந்த அளவில், வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறை. இரவு உணவோடு சாப்பிட்டுப் படுத்துவிட்டால் குமட்டலும் தலைசுற்றலும் அவ்வளவாகத் தெரியாது. மிகச் சிலருக்குச் சூதாட்டம், கண்மண் தெரியாமல் பொருள் வாங்குவது போன்ற கட்டுக்கடங்காத ஆசைகள் கிளம்பும். வீட்டாருக்கும் இதைச் சொல்லி வையுங்கள், ஏனென்றால் முதலில் கவனிப்பது அவர்கள்தான். மருந்து கேட்காதபோது அல்லது ஒத்துக்கொள்ளாதபோதுதான் அறுவைச் சிகிச்சை. அதுவும் பெரும்பாலும் மூக்கு வழியாக.

குழந்தை பெறலாம். கூடுதல் புரோலாக்டின் கருமுட்டை வெளிவருவதைத் தடுத்திருந்தது. மாத்திரை அந்தத் தடையை நீக்கும். முதல் மாதவிடாய் வரும் முன்பே கருத்தரிக்க முடியும் என்பதால், இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்றால் தடுப்பு முறை அவசியம். கர்ப்பம் உறுதியானதும் உங்களுடையதுபோன்ற சிறிய கட்டிக்கு வழக்கமாக மருந்தை நிறுத்திவிடுவோம். கர்ப்பகாலத்தில் தலைவலி கூடினாலோ, பார்வையின் இரு ஓரங்களும் மங்கினாலோ தாமதிக்காமல் வாருங்கள். பிறகு தாய்ப்பாலும் கொடுக்கலாம்.

கேள்வி: என் கணவருக்கு வயது 44. மார்பில் பால்போலக் கசிகிறது. தலைவலி. தாம்பத்தியத்தில் நாட்டம் போய் இரண்டு ஆண்டு ஆகிறது. ஓட்டும்போது பக்கத்தில் வரும் வண்டி தெரியவில்லை என்கிறார். மருத்துவரிடம் வர மறுக்கிறார்.

அம்மா, இதைத் தள்ளிப்போட வேண்டாம். இந்த வாரமே கூட்டிச் செல்லுங்கள். அதுவரை அவர் வண்டி ஓட்டக் கூடாது. ஆண்களுக்குப் பால் கசிவது அபூர்வம். அதோடு பக்கப் பார்வையும் குறைந்திருப்பதால், பெரிய கட்டி ஒன்று பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்தை அழுத்துகிறதா என்று பார்த்தாக வேண்டும். நாட்டம் குறைந்ததை வயதின் மேல் போட்டுவிட்டு ஆண்கள் ஆண்டுக்கணக்கில் சும்மா இருந்துவிடுகிறார்கள். கட்டி பெரிதான பிறகே வருகிறார்கள். பெரிய கட்டிகளும் மாத்திரையில் சுருங்கும், பார்வையும் பலருக்கு மீளும். திடீரென்று கடும் தலைவலியோடு வாந்தியோ பார்வை இழப்போ வந்தால் அந்த நிமிடமே அவசர சிகிச்சைப் பிரிவு.

கேள்வி: பிறந்து பத்து நாளான பேத்தியின் மார்பு வீங்கி, பால்போல ஒரு துளி வருகிறது. பிழிந்து எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

பிழியக் கூடாது. கருவில் இருந்தபோது தாயின் ஹார்மோன்கள் குழந்தைக்குள் சென்றதால் வந்த வீக்கம் அது. ஆண் குழந்தைகளுக்கும் வரும், சில வாரங்களில் தானாக அடங்கும். பிழிந்தால் கிருமி புகுந்து சீழ் கட்டும். சிவந்து சூடாக இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே காட்டுங்கள்.

கேள்வி: வயது 53. இடது மார்பில் மட்டும், அழுத்தாமலே, பழுப்பும் சிவப்புமாகக் கசிகிறது. வலி இல்லை. இதுவும் ஹார்மோன்தானா?

இல்லை, நீங்கள் பார்க்க வேண்டியது என்னை அல்ல, மார்பக அறுவைச் சிகிச்சை மருத்துவரை. ஒரே பக்கம், தானாக, ரத்தம் கலந்தோ தண்ணீர்போலத் தெளிவாகவோ வரும் கசிவுக்குப் புரோலாக்டின் பரிசோதனை பதில் சொல்லாது. மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் தேவை. பால் குழாய்க்குள் வளரும் சாதுவான சிறு சதை பலருக்குக் காரணமாக இருக்கிறது, ஆனால் புற்றுநோய் இல்லை என்பதைப் பரிசோதித்துத்தான் உறுதிசெய்ய முடியும். வலி இல்லை என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாமல் நாளைக்கே நேரம் கேட்டு வாங்குங்கள்.