முதல் தரமா வீட்டை விட்டு மூண்டு நாள்: மகனை ரிப்புக்கு விடலாமோ?

சுன்னாகத்தில இருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறா: "மகனுக்கு 11 வயசு, தரம் 6. அடுத்த மாசம் பள்ளிக்கூடத்தால மூண்டு நாள் கண்டி, நுவரெலியா ரிப் போயினம். அவருக்குப் போக சரியான ஆசை. ஆனா கிழமையில ஒண்டு ரெண்டு தரம் இரவில படுக்கையில சலம் போறவர், நான் இல்லாமல் ஒரு நாளும் படுத்ததில்லை, பஸ்ஸில சத்தியும் எடுப்பார். இவர் விடவேண்டாம் எண்டுறார். என்ன செய்யிறது?"

விடுங்கோ தங்கச்சி. நான் இருபது வருசத்துக்கு மேல பிள்ளையளை ரிப் கூட்டிக்கொண்டு போன ரீச்சர், உங்கட மகனைப் போல பிள்ளை இல்லாத ஒரு ரிப்பும் எனக்கு ஞாபகம் இல்லை. பத்து வயசிலயும் 20 பிள்ளையில ஒரு பிள்ளைக்கு இரவில சலம் போற பிரச்சினை இருக்கும், எண்டால் ஒரு பஸ்ஸுக்க ரெண்டு மூண்டு பேர் இருப்பினம், ஆளுக்காள் தெரியாது, அவ்வளவுதான். ஒருக்கா நுவரெலியாவில விடிய நாலரை மணிக்கு ஒரு பொடியன் நனைஞ்ச சீற்றைச் சுருட்டிக் கட்டிலுக்குக் கீழ தள்ளிப்போட்டு அந்தக் குளிருக்க ஈரக் காற்சட்டையோட நிலத்தில குந்திக்கொண்டு இருந்தவன். தாய் ஒருத்தருக்கும் சொல்லேல்ல. ஒரு வசனம் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை அப்பிடி இருந்திருக்காது, எனக்கு இண்டைக்கும் அது மனசுக்க கிடக்கு.

அதால முதல் வேலை, பொடியளின்ர அறைக்குப் பொறுப்பா வாற சேரிட்ட நேர போய்ச் சொல்லுறது. வற்ஸ்அப் குறூப்பில போடாதேங்கோ, வேற அம்மாமாருக்கும் சொல்லாதேங்கோ. அவர் படுக்கப்போக முதல் பத்தரை பதினொரு மணிக்கு மகனை எழுப்பி ரொய்லெற் போகச் சொல்லுவார், கட்டிலையும் ரொய்லெற்றுக்குக் கிட்டவா குடுப்பார். இப்பிடிக் கதைச்சாச்சு எண்டு மகனுக்கும் சொல்லுங்கோ, அவருக்குத் தெரியாமல் செய்தால் பேந்து உங்களை நம்பமாட்டார். கடும் நிற இரவுக் காற்சட்டை ரெண்டு, விரிக்க ஒரு றெக்சின் துண்டு, ஈரத்தைப் போட்டுக் கட்ட சொப்பின் பாக், எல்லாத்தையும் ஒரு சின்னப் பையில தனிய வையுங்கோ, இருட்டுக்க தடவி எடுக்கிற மாதிரி. பின்னேரத்துக்குப் பிறகு தேத்தண்ணி, கோலா வேண்டாம், ஆனா பகல் முழுக்க தண்ணி குடிக்காமல் இருக்க விடாதேங்கோ. மலச்சிக்கல் இருந்தால் இது கூடும், அதையும் இப்பவே பாருங்கோ. ரிப் மாதிரி நாளுக்கெண்டு டொக்டர்மார் எழுதிக் குடுக்கிற டெஸ்மோபிரெசின் எண்ட குளிசையும் இருக்கு, ஆனா அதை ரிப்பிலதான் முதல் தரம் குடுக்கிறது கூடாது, இந்த மாசமே டொக்டரிட்டக் காட்டி வீட்டில போட்டுப் பாக்கவேணும், அது போட்ட இரவில தண்ணி குடிக்கிறதுக்கும் கட்டுப்பாடு இருக்கு, அதைக் கவனமாக் கேட்டுக்கொண்டு வாங்கோ.

ரெண்டாவது, ரிப்புக்கு முதல் அம்மம்மா வீட்டிலயோ சித்தி வீட்டிலயோ ரெண்டு இரவு நீங்கள் இல்லாமல் படுக்க விடுங்கோ, அதே பையோட, அதே காற்சட்டையோட. பாக்கை அவரே அடுக்கட்டும். அம்மா அழகா மடிச்சு அடுக்கின பாக்கில சொக்ஸ் எங்க எண்டு தெரியாமல் எல்லாத்தையும் கட்டிலில கொட்டிப்போட்டு முழிக்கிற பிள்ளையளைத்தான் நான் கூடக் கண்டிருக்கிறன். "அழுகை வந்தால் சொல்லு, அப்பா வந்து கூட்டிக்கொண்டு வருவார்" எண்டு மட்டும் சொல்லிவிடாதேங்கோ. நுவரெலியா இஞ்சயிருந்து கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர், அப்பா வரமாட்டார், பிள்ளை அந்த ஒரு வசனத்தையே பிடிச்சுக்கொண்டு இரவு முழுக்கக் காவல் இருக்கும். "வீட்டு நினைவு வரும், எல்லாருக்கும் வரும், சேரிட்டச் சொல்லு, விடிய சரியாயிடும்" எண்டு சொல்லுங்கோ. போன் எடுக்கிறதெண்டால் பின்னேரம் சேரின்ர போனில, படுக்கிற நேரம் வேண்டாம், அந்த நேரம் அம்மான்ர குரல் கேட்டால்தான் அழுகையே துவங்கும்.

சத்திக்கு முன் சீற், கண் தூர ரோட்டில, கையில போன் இல்லை. ஏ9 நேர் ரோட்டு, முறிகண்டிப் பிள்ளையாரடியில இறங்கித் தேங்காய் உடைச்சுக் கச்சான் வாங்கிற வரைக்கும் எல்லாரும் பாட்டும் கூத்தும்தான், கம்பளை தாண்டி றம்பொடை வளைவு துவங்கினாப் பிறகுதான் ஒவ்வொருத்தரா முகம் வெளிறும். அதால குளிசை குடுக்கிறதெண்டால் வீட்டில பஸ் ஏறேக்க இல்லை, கண்டியில வெளிக்கிட ஒரு மணித்தியாலத்துக்கு முதல் போடவேணும், எந்தக் குளிசை, எவ்வளவு எண்டு டொக்டரிட்டக் கேட்டுப் பேப்பரில எழுதி சேரிட்டக் குடுங்கோ. வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ச் சாப்பாடும் கூடாது.

நுவரெலியா 1868 மீற்றர் உயரம், இரவில 10 பாகைக்குக் கிட்ட வரும். எங்கட பிள்ளையளுக்கு அது தெரியாது, மெல்லிய சேட்டோட வருவினம். பெனியன், முழுக்கை, அதுக்கு மேல ஸ்வெற்றர், படுக்கேக்க கட்டாயம் சொக்ஸ். குளிரில சலமும் கூடப் போகும், போர்வையை விட்டு எழும்பவும் மனம் வராது, உங்கட மகனுக்கு அந்தச் சொக்ஸ்தான் பாதி மருந்து.

வந்தாப் பிறகு வாசலிலயே "அழுதியா, நனைச்சியா" எண்டு கேக்காதேங்கோ. சோறும் மீன் குழம்பும் குடுத்துப் படுக்க விடுங்கோ. பாக்கை அவரே அவிழ்க்கட்டும், ஈர உடுப்பு இருந்தால் ஒண்டும் சொல்லாமல் வாளிக்க போடுங்கோ. பக்கத்துக் கட்டிலில ஆர் படுத்தது, இரவு என்ன சாப்பாடு, ஆர் கூடச் சிரிச்சது, இப்பிடிக் கேட்டால் கதை வரும், மூண்டாம் நாள் சைக்கிளில பின்னால இருந்துகொண்டுதான் மிச்சத்தைச் சொல்லுவார். ஒரு ஆளின்ர பேரைக் கேட்டாலே முகம் மாறுது, திடீரெண்டு பள்ளிக்கூடம் போகமாட்டன் எண்டுறார் எண்டால் ஆறுதலா இருந்து கேளுங்கோ, தேவைப்பட்டால் 1929 சிறுவர் உதவி இலக்கத்துக்கு அடியுங்கோ. ஒரு கிழமை ரெண்டு கிழமைக்குச் சலம் போறது கொஞ்சம் கூடினாலும் உடனே பயப்பிடவேண்டாம், களைப்பாயும் இருக்கும்.

அந்த ரெண்டு கிழமைக்குள்ள காய்ச்சல் வந்தால் மட்டும் அசட்டையா விடாதேங்கோ. டெங்கு நுளம்பு கடிச்சு 4 நாளில இருந்து 10 நாளுக்குள்ள காய்ச்சல் காட்டும். பனடோல் மட்டும், நிறைக்கு ஏத்த அளவில. அஸ்பிரின், புறூபன் குடுக்கவே கூடாது. டொக்டரிட்டப் போன உடனே கண்டி, நுவரெலியா போய் வந்தவர், எந்தத் திகதி வந்தவர் எண்டதை முதல் சொல்லுங்கோ.