பெரும்போர்களை வைத்து எழுதிய சாகசம் மேசையில் எடுபடாது என்பது உண்மையா?

ஆளுக்கொரு பாத்திரமாகி, மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்கு, ஆயிரக்கணக்கானோர் மோதும் போர்களைக் கொண்ட சாகசம் ஒன்றை, அதாவது குழு ஆடுவதற்கான கதைத் திட்டத்தை, எழுதி முடித்தும் யாரும் வெளியிட முன்வரவில்லை என்றும், படைகளின் மோதல் பாத்திர விளையாட்டுக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டார்கள் என்றும் குறிப்பிட்டு, அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு அப்படிச் சொன்னவர் இந்த விளையாட்டின் பிறப்பை அறியாதவராக இருக்க வேண்டும். 1974இல் வந்த முதல் பதிப்பின் அட்டையே அதை இடைக்காலப் போர் விளையாட்டுகளுக்கான விதிநூல் என்றுதான் அறிமுகப்படுத்தியது. அதற்கு அடிப்படையாக இருந்த, கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் எழுதி 1971இல் வெளிவந்த செயின்மெயில் என்ற போர் விளையாட்டு விதிகளின் படைப்போரில், மேசையில் நகர்த்தும் ஒரு பொம்மை 20 வீரர்களைக் குறித்தது.

நானும் அப்படியொரு சாகசத்தை எழுதி வைத்திருப்பவன் என்பதால்தான் இந்தக் கேள்வியைக் கடந்துபோக முடியவில்லை. ஓர் ஆற்றுத்துறையைக் காக்கும் பழைய கோட்டை, மலையிலிருந்து இறங்கிவரும் பெரும்படை, அதற்குள் கோட்டைக்குத் துணை திரட்ட வேண்டிய நான்கைந்து பாத்திரங்கள், இவ்வளவுதான் கதை. என் குழுவில் திருடன் பாத்திரத்தை ஆடியவர், மதிலைப் பலப்படுத்தும் வேலையை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, எதிரிப் பாசறையில் சம்பளக் கணக்கர் இருந்த கூடாரத்துக்குள் புகுந்தார். கூலிக்கு வந்திருந்த குதிரைப்படைக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி என்பதையும், அதைக் கொடுக்கும் எண்ணமே தளபதிக்கு இல்லை என்பதையும் காட்டும் ஏட்டைத் திருடி, அந்தக் குதிரைப்படைத் தலைவனின் கையில் சேர்த்தார். போர் நாளன்று எதிரியின் இடப்பக்கத்தில் ஒரு குதிரைகூட இல்லை. ஓர் அமர்வு முழுவதையும் விழுங்கும் என்று நான் அஞ்சியிருந்த அந்தப் போர் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. அதைப் பற்றி என் நண்பர்கள் இன்றும் பேசுகிறார்கள்.

போரின் முடிவைப் பாத்திரங்களின் செயல்களிடம் விடும் இந்த முறை என் கண்டுபிடிப்பு என்று உரிமை கொண்டாடவில்லை. 2006இல் வெளிவந்த 'ரெட் ஹேண்ட் ஆஃப் டூம்' சாகசத்தில், பாலத்தை உடைத்துப் படையைத் தாமதப்படுத்துவது, கூட்டாளிகளைச் சேர்ப்பது போன்ற ஒவ்வொரு செயலுக்கும் வெற்றிப் புள்ளிகள் உண்டு. அதில் வரும் பிரிண்டல் நகரப் போரின் முடிவை அந்தப் புள்ளிகளே தீர்மானிக்கின்றன. பாத்திரங்கள் நேரில் ஆடுவது போரின் முக்கியமான சில காட்சிகளை மட்டுமே. பொம்மைகளை அணிவகுத்து ஆடும் அன்பர்கள் இதைக் குறுக்குவழி என்று கோபிக்க வேண்டாம். அந்த ஆட்டத்தின் மீது எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் மேசையைச் சுற்றி இருப்பவர்கள் தம் பாத்திரம் என்ன செய்தது என்று கேட்க வந்தவர்கள். கதை சொல்லி ஆட்டத்தை வழிநடத்தும் நடத்துநர் தமக்குத் தாமே பகடை உருட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்க வந்தவர்கள் அல்லர்.

பகடையைத் தவிர்க்கவே முடியாத இடங்களுக்கு, ஐந்தாம் பதிப்பின் 2014ஆம் ஆண்டு நடத்துநர் கையேட்டில் கும்பல் தாக்குதலுக்கான சிறிய அட்டவணை ஒன்று இருக்கிறது. தாக்குபவருக்கு இருபது முகப் பகடையில் 15 அல்லது 16 விழ வேண்டும் என்றால், தாக்கும் நான்கு பேரில் ஒருவரின் அடி பட்டதாகக் கொள்ளலாம்; 40 வில்லாளர்கள் எய்தால் 10 அம்புகள் தைத்தன என்று உருட்டாமலே சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். படையோடு படை மோதும் இடத்துக்கு இதே ஆட்டத்துக்கு 1984இல் வந்த கம்பேனியன் என்ற விதித்தொகுப்பின் 'வார் மெஷின்' முறை இன்றும் உதவும். ஒவ்வொரு படைக்கும் வலிமை, பயிற்சி முதலியவற்றைக் கொண்டு ஒரு மதிப்பெண் கணித்து, 1 முதல் 100 வரை விழும் பகடை எண்ணை அதனுடன் கூட்டி, இரு தரப்பின் வித்தியாசத்தை அட்டவணையில் பார்த்தால் இழப்புகள் தெரிந்துவிடும்.

வெளியீட்டைப் பற்றி எனக்கும் மனக்குறை உண்டு. நான் அனுப்பிய சிறு பதிப்பகம் ஒன்று நெடுநாள் பதிலே சொல்லாமல் இருந்துவிட்டு, பிறகு போர்களை எல்லாம் நீக்கி, கோட்டைக்கடியில் ஒரு சுரங்கத்தைச் சேர்த்துத் தரும்படி கேட்டது. அந்தச் சம்பளக் கூடாரத்தை அவர்கள் படித்தார்களா என்பதே எனக்குச் சந்தேகம். சுரங்கச் சாகசங்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் சந்தையில் அவை கொட்டிக் கிடக்கும்போது இன்னொன்றுக்காக ஒரு படையையே பலிகொடுப்பானேன்?

உங்களுக்குப் பதிப்பகம் இல்லாமலே வழி இருக்கிறது. 2023 ஜனவரியில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் அடங்கிய 5.1 ஆவணம், பிறரும் எடுத்துப் பயன்படுத்த இடம்தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் வந்துவிட்டதால், அதில் இல்லாத அரக்கர்களையும் ஆட்டத்தை வெளியிடும் நிறுவனத்துக்குச் சொந்தமான கதை உலகங்களையும் தொடாமல், உரிய உரிமக் குறிப்பைச் சேர்த்து, நீங்களே விலை வைத்து விற்கலாம். அப்படியானால் நீ ஏன் வெளியிடவில்லை என்று யாராவது கேட்கக்கூடும். போர்ச் சாகசத்துக்கு நல்ல நிலப்படம் இன்றியமையாதது. நான் வரைந்த ஆற்றைச் சாலை என்று நினைத்து என் குழுவே ஒருமுறை படையை அதன்மேல் நடத்திச் சென்றுவிட்டது. வரையத் தெரிந்த ஒருவர் கிடைத்தால் மறுமாதமே வெளியிட அணியமாக இருக்கிறேன்.