பெட்டி மேல் ஒரு பெயர், உள்ளே யார் சரக்கு?

கேள்வி: ஃபோமாபான் 100 என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிமில் பழகியவன் நான். அரிஸ்டா இடியு அல்ட்ரா 100 என்று ஒன்று விலை குறைவாகக் கிடைக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

பதில்: தாராளமாக வாங்கலாம். அரிஸ்டா என்பது லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் ஃப்ரீஸ்டைல் என்ற கடை தன் சரக்குக்கு வைத்துக்கொண்ட பெயர், அவர்களுக்கு ஃபிலிம் பூசுகிற ஆலை கிடையாது. இடியு அல்ட்ரா வரிசை செக் நாட்டில் 1921 முதல் இயங்கும் ஃபோமா ஆலையிலிருந்து வருகிறது. டெவலப்பர், அதாவது படத்தை வெளிக்கொண்டு வரும் கரைசல், அதில் வைக்கும் நேரத்தை மாற்ற வேண்டாம், ஃபோமாபானுக்கு வைத்த நேரமே போதும்.

சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு 120 ரோலை (அகலமான ரோல் ஃபிலிம்) டெவலப்பருக்கு முன் வெறும் தண்ணீரில் ஊற வைத்துக் கொட்டிப் பாருங்கள். தண்ணீர் மரகதப் பச்சையாக வரும், முதல் தடவை பார்க்கிறவர்கள் பயந்தே போவார்கள், ஃபோமாபான் 100-இன் அடையாளமே அதுதான். இரவுப் படம் எடுப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. நீண்ட நேரம் திறந்து வைத்தால் ஃபிலிம் மந்தமாகிவிடும், அதனால் ஒளி அளக்கும் மீட்டர் 10 விநாடி என்று காட்டினால் ஃபோமாபான் 100-க்கு ஃபோமா சொல்லும் கணக்குப்படி 80 விநாடி கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கு உங்கள் புதிய ரோலுக்கும் அப்படியே பொருந்தினால் அப்புறம் என்ன சந்தேகம்?

ஒரு எச்சரிக்கை மட்டும். அரிஸ்டா என்ற ஒரே பெயரில் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆலைகளின் சரக்கு வந்திருக்கிறது. ஆக்ஃபாவின் ஏபிஎக்ஸ் ஃபிலிம் கதையும் இதேதான். ஜெர்மனியில் ஆக்ஃபா ஃபோட்டோ நிறுவனம் 2005-இல் திவாலானது. அதன் பிறகு அதே பெயரில் வந்த புது ஏபிஎக்ஸ் பழைய எமல்ஷன் (ஒளியை உணரும் பூச்சு) அல்ல. ஆகவே பழைய நோட்டில் எழுதி வைத்திருக்கும் நேரத்தைப் புது ரோலுக்குப் போடாதீர்கள்.

கேள்வி: வேறு பெயரில் வரும் ஒரு ஃபிலிமை யார் தயாரித்தது என்று ஆலைக்கே எழுதிக் கேட்டேன். "பிற நிறுவனங்களின் பொருள்கள் பற்றிக் கருத்துச் சொல்வதில்லை" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். எதற்கு இந்த ரகசியம்?

பதில்: ஒப்பந்தம்தான் காரணம். வேறொருவர் பெயரில் பூசித் தருகிற ஆலை பெரும்பாலும் வாய் திறப்பதில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கும். பதில் எழுதிய ஊழியர் மீது கோபப்பட்டுப் பயனில்லை.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. எமல்ஷன் பூசும் இயந்திரத்தை ஒன்றிரண்டு பெட்டிச் சரக்குக்காக ஓட்ட முடியாது, ஓட்டினால் பெரிய பெரிய சுருளாக ஓட்ட வேண்டும், அத்தனையையும் தன் ஒரே பெயரில் விற்க முடியாத ஆலைக்கு இந்த மாற்றுப் பெயர் வியாபாரம்தான் மூச்சு. கோடாக் 2005-இல் படம் அச்சிடும் கறுப்பு வெள்ளை பேப்பரை நிறுத்துவதாக அறிவித்தது. ஹங்கேரியின் ஃபோர்ட்டே 2007-இல் மூடியது. குரோஷியாவில் எஃப்கே ஃபிலிம் செய்த ஃபோட்டோகெமிகா 2012-இல் போனது. மிச்சம் இருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் யார் பெயரில் விற்றாலும் சரி, இயந்திரம் ஓட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

எல்லோரும் மறைப்பதில்லை. ஃபுஜி அக்ராஸ் 2 பெட்டியில் பிரிட்டனில் தயாரானது என்று அச்சிட்டே இருக்கிறது. ஆனால் ஒரே ஆலை என்பதற்காக ஒரே எமல்ஷன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கேட்டவர் கொடுக்கும் விலைக்கேற்ப வேறு எமல்ஷன் பூசித் தருவதும் உண்டு.

ஃபிலிமின் பூர்வீகம் தெரிந்தால் கையாளவும் உதவும். ரோலை ரெட்ரோ 80எஸ் அடிப்படையில் பெல்ஜியம் ஆக்ஃபா கெவர்ட்டின் வான்வழிப் படப்பிடிப்பு ஃபிலிம். அடித்தளம் பாலியெஸ்டர், கையால் கிழிக்க வராது, நீட்டிக்கொண்டிருக்கும் நுனி வழியாக வெளிச்சம் உள்ளே ஓடும். வெயிலில் நின்று கேமராவில் போட்டால் முதல் சில ஃபிரேம்கள் போச்சு.

கேள்வி: மறுபெயரில் வாங்கிய பேப்பரில் வெள்ளை வெள்ளையாகவே வருவதில்லை, சாம்பல் படிகிறது. யாரிடம் புகார் சொல்வது?

பதில்: பெட்டி மேல் யார் பெயர் இருக்கிறதோ அவரிடம், அல்லது விற்ற கடையிடம். எனக்கும் இது நடந்தது. தெரியாத்தனமாக நேராக ஆலைக்கு எழுதி மூன்று வாரம் வீணாக்கினேன், "எங்கள் பொருள் இல்லை" என்று பதில் வந்தது. அப்புறம் பெட்டியில் இருந்த பெயருக்கு ஆதாரத்தோடு எழுதினேன், புதுப் பெட்டி அனுப்பினார்கள்.

ஆதாரம் எப்படி என்றால், சிவப்பு விளக்கையும் அணைத்துவிட்டு முழு இருட்டில் ஒரு தாளை இரண்டாகக் கிழியுங்கள். ஒரு துண்டை நேராக ஃபிக்ஸரில் (படத்தை நிலைப்படுத்தும் கரைசல்) போடுங்கள். மற்றதை வழக்கமான நேரம் டெவலப்பரில் வைத்து, டெவலப்பரை நிறுத்தும் ஸ்டாப் கரைசல் கொடுத்து, பிறகு ஃபிக்ஸரில் போடுங்கள். இரண்டையும் கழுவிக் காயவைத்து, பகல் வெளிச்சத்தில் ஓரத்தோடு ஓரம் ஒட்டிப் பாருங்கள். இரண்டாவது துண்டு சாம்பலாக இருந்தால் பேப்பர்தான் கெட்டிருக்கிறது. இரண்டும் ஒரே வெள்ளை என்றால் குறை உங்கள் விளக்கிலோ அறையிலோ இருக்கிறது, புகார் எழுதாதீர்கள்.

எழுதும்போது பேட்ச் எண், வாங்கிய தேதி, பயன்படுத்திய டெவலப்பர் எல்லாவற்றையும் குறிப்பிடுங்கள், அந்த இரண்டு துண்டுகளையும் கூடவே அனுப்புங்கள். மிச்சத் தாள்களைக் கறுப்பு உறையிலேயே மூடி வைத்திருங்கள், தங்கள் சோதனைக்கு அவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.